அறுபத்து நான்கு எழுத்துகளின் நான்கு நகல்கள்

3-2-2025, திங்கள். தை 21.

காலையில் கடும் மூடுபனி. 6.50க்கு மூக்கண்டப்பள்ளி நிறுத்தத்தில் கம்பெனிப் பேருந்தின் விளக்குகள் முதலில் வந்தன, பேருந்து பிறகு வந்தது. மப்ளர் எடுத்துச் செல்லாதது என் தவறு.

இன்றைய பணிகள்:
1. பழைய வரைபடங்களின் திருத்த எண் சரிபார்ப்பு. பதினொன்று மட்டும் முடிந்தது.
2. மனைவி சரஸ்வதியின் முழங்காலுக்குத் தைலம். மறந்தேன்.
3. சாவி உருவாக்குதல்.

மூன்றாவது எனக்குப் புதிது. நாம் செய்யும் பிரேக் குழாய் இணைப்புகளைத் தம் இரு சக்கர வண்டிகளில் பொருத்தும் பெங்களூர் வாடிக்கையாளர், வரும் வியாழன் 6-ந் தேதி முதல் காகிதச் சோதனைச் சான்றிதழை ஏற்கமாட்டார். ஒவ்வொரு தொகுதிக்கும் கணினி வழிக் கையொப்பமிட்ட சான்றிதழ் வேண்டும். அக்கையொப்பத்துக்கு ஒரு சாவி. கணினிப் பிரிவில் இருக்கும் ஒரே ஆள் கவிதா. நாளை முதல் விடுப்பு. சாமல்பட்டியில் அவள் அக்காளுக்கு வளைகாப்பு. பிற்பகல் ரயிலைப் பிடிக்கும் அவசரத்தில் இரண்டு பக்கக் குறிப்பு எழுதி என்னிடம் தந்து, தன் கணினியையும் திறந்து வைத்துவிட்டுப் போனாள். முதல் பக்கம், சாவி உருவாக்கும் முறை. இரண்டாம் பக்கம், அச்சாவியால் சான்றிதழில் கையொப்பமிடும் முறை.

சுட்டியால் தொடுவதற்கு அதில் ஒன்றும் இல்லை. கறுப்புத் திரை, மினுங்கும் கோடு, நாம் தட்டும் கட்டளை. முதல் முயற்சியில் குறிப்பிலிருந்த ஒரு சிறு கோட்டை விட்டுவிட்டேன். திரை ஆங்கிலத்தில் கடிந்துகொண்டது. இரண்டாம் முயற்சியில் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த வரியில் மீண்டும் மினுங்கும் கோடு, அவ்வளவே. இன்னும் வேலை நடக்கிறது என்றெண்ணிப் பத்து நிமிடம் கைகட்டிக் காத்திருந்தேன். பிறகுதான் விளங்கியது. வெற்றி பெற்றால் இக்கருவி வாய் திறப்பதில்லை.

இரண்டு கோப்புகள். ஒன்று பொதுச் சாவி, மற்றது தனிச் சாவி. தனிச் சாவியைத் திறந்தேன். மேலே ஒரு தலைப்பு, கீழே ஒரு முடிப்பு, நடுவில் ஒரே வரி. பெரிய எழுத்து, சிறிய எழுத்து, எண், இடையிடையே கூட்டல் குறி, சாய்கோடு. இரு முறை எண்ணினேன். அறுபத்து நான்கு.

குறிப்பின் கடைசி வரி: பொதுச் சாவியை வாடிக்கையாளருக்கு அனுப்பவும், தனிச் சாவியைப் பத்திரமாக வைக்கவும்.

பத்திரம் என்றால் என்ன என்று எனக்கு ஒருவரும் கற்றுத்தர வேண்டியதில்லை. 17-11-1998 அன்று ஆவண அறைக்குள் மழைநீர் புகுந்து, ஒரே ஒரு பிரதியாக இருந்த அச்சு வரைபடங்கள் கூழாயின. அதன்பின் நான் எழுதி, தணிக்கையில் பாராட்டும் பெற்ற விதி: முக்கிய ஆவணம் எதுவாயினும் நான்கு நகல், நான்கு இடம்.

அச்சிட்டேன். எழுத்து மாறியிருக்கக் கூடாதல்லவா. ஒப்பிட்டுப் பார்க்க, சரக்கு அனுப்பும் டிஸ்பாட்ச் பிரிவின் எழுத்தர் நாகரத்தினம்மாவை அழைத்தேன். நான் திரையைப் பார்த்து உரக்கப் படிக்க, அவர் தாளில் புள்ளி வைத்தார். "பெரிய எம், பெரிய சி, நான்கு, பெரிய சி…" பாதியில் நிறுத்தி, "இது சாவியா சார், இல்ல மாரம்மா கோயில் மந்திரமா?" என்றார். வீட்டில் தெலுங்கு, வேலையில் தமிழ், கோபத்தில் கன்னடம் பேசுபவர். பிழை ஒன்றுமில்லை.

சிவப்பு முத்திரை: கட்டுப்பாட்டு நகல். ஒவ்வொன்றுடனும் கவிதாவின் இரண்டு பக்கங்களையும் இணைப்பாகச் சேர்த்தேன். செய்முறை இல்லாத ஆவணம் முழுமையற்றது.

நகல் 1: மூலக் கோப்பு, என் அலமாரி.
நகல் 2: தரப் பிரிவு.
நகல் 3: ஆலை மேலாளர் (இனி ஆ.மே.).
நகல் 4: டிஸ்பாட்ச்.

மனநிறைவு. 5.40க்கு வீடு.

4-2-2025, செவ்வாய். தை 22.

பனி குறைவு. தைலம் வாங்கியாயிற்று.

நகல்கள் வழங்கப்பட்டன, பெற்றுக்கொண்ட கையெழுத்துகள் பதிவேட்டில். ஆ.மே. பார்க்காமலே கையெழுத்திட்டுத் தட்டில் போட்டார். டிஸ்பாட்ச் பொறுப்பாளர் செல்வராஜ் மட்டும் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தர்மபுரிக்காரர், வேகமானவர், எதையும் இன்றே ஏற்றி அனுப்பிவிட வேண்டும் அவருக்கு. "இனிமே உங்களைத் தேடிக்கினு மாடி ஏற வேணாம்னு சொல்லுங்கோ" என்றார். சிரித்தேன். ஏன் சிரித்தேன் என்று இப்போது நினைவில்லை.

பொதுச் சாவி வாடிக்கையாளருக்கு அனுப்பப்பட்டது, 11.05. பதில் 3.20: பதிவாயிற்று, பொறுப்பாளர் பெயர் கவிதா.

வீட்டில் மோட்டார் பழுது. தண்ணீர் லாரி நாளை.

5-2-2025, புதன். தை 23.

தெளிந்த வானம். குளிர் காற்று.

பிற்பகல் 2.15. கவிதாவின் அழைப்பு. பின்னால் பெண்களின் பேச்சு, பாத்திரச் சத்தம். எல்லாம் சரியாக நடந்ததா சார் என்று கேட்டாள். நடந்ததை வரிசையாகச் சொன்னேன். உருவாக்கியது, அச்சிட்டது, ஒப்பிட்டது, நான்கு நகல், நான்கு கையெழுத்து.

இணைப்பு அறுந்ததோ என்று இரு முறை ஹலோ சொன்னேன்.

"அது கையெழுத்து இல்லைங்க சார். கை. என் கையை வெட்டி நாலு பேருக்குக் குடுத்திருக்கீங்க."

பிறகு மெதுவாக விளக்கினாள். அவளுக்கு அவசரம், இருந்தும் சிறு பிள்ளைக்குச் சொல்வது போல் சொன்னாள். அந்த ஒரு வரி யாரிடம் இருக்கிறதோ அவர் நம் கம்பெனியாகக் கையொப்பமிடலாம். வாடிக்கையாளரின் கணினி அது யார் என்று கேட்காது. சரி என்று மட்டுமே சொல்லும். மேலே அவள் பெயர் வரும். கசியும் இணைப்புக்கும் நல்ல சான்றிதழ் தரலாம். தனிச் சாவி பிறந்த கணினியை விட்டு வெளியே வரவே கூடாது. அச்சிடுவதைப் பற்றி அவள் எழுதவில்லை, அதை யாராவது அச்சிடுவார்கள் என்று நினைக்கவே இல்லையாம்.

நான் உரக்கப் படித்ததைச் சொல்லவில்லை.

நகல்களைத் திரும்பப் பெறச் சொன்னாள். பெறுவேன் என்றேன். நாற்பத்தொரு ஆண்டுப் பணியில் விதி மீறியதாக என் பெயரில் ஒரு முரண்பாட்டு அறிக்கையும் இல்லை.

6-2-2025, வியாழன். தை 24.

பனி. பேருந்து 9 நிமிடத் தாமதம்.

புதிய முறை இன்று தொடக்கம். கவிதாவின் கணினியில் நானே இரண்டு சான்றிதழ்களுக்குக் கையொப்பமிட்டேன். இரண்டும் ஏற்கப்பட்டன. ஏற்கப்பட்டதே அச்சமாக இருந்தது. என் விரலா வேறொருவர் விரலா என்று வாடிக்கையாளரின் இணையத்தளத்துக்குத் தெரியாது.

மீட்பு:
நகல் 1: என் அலமாரி. கிழித்தேன்.
நகல் 2: தரப் பிரிவு. கோப்பில் இருந்தது. கிழித்தேன்.
நகல் 3: ஆ.மே. தட்டில், யாரோ வைத்த கல்யாணப் பத்திரிகைக்கு அடியில். கிழித்தேன்.
நகல் 4:

டிஸ்பாட்ச் அறைக்குப் போனேன். நாகரத்தினம்மா சுவரைக் காட்டினார். அறிவிப்புப் பலகை. பேருந்து நேரத்துக்கும் ஓவர்டைம் பட்டியலுக்கும் நடுவில், நான்கு முனையிலும் குண்டூசி குத்தி, நேராக, அழகாக, சிவப்பு முத்திரையுடன் அறுபத்து நான்கு எழுத்துகள்.

அவர் பக்கம் நியாயம் இருந்தது. சென்ற தணிக்கையில் டிஸ்பாட்ச்சுக்கு வந்த கட்டுப்பாட்டு நகல் பலகையில் காட்சிப்படுத்தப்படவில்லை என்று குறை எழுதப்பட்டது. அக்குறிப்பைக் கொண்டுபோய் அவர் மேசையில் வைத்தவன் நானே.

பிடுங்கினேன். குண்டூசி விரலில் ஏறியது. அவர் பயந்துவிட்டார். நான் கேட்காமலே சொன்னார்: தினமும் காலையில் பலகையைப் படம் பிடித்து வாட்ஸ்அப் குழுவில் போடுவது வழக்கம், ஓவர்டைம் பட்டியல் இரண்டாம் ஷிப்டுக்குத் தெரிய வேண்டுமே. செவ்வாய், புதன், இன்று. மூன்று படங்கள். குழுவில் யார் யார் என்றேன். டிஸ்பாட்ச் முழுவதும், கான்ட்ராக்ட் ஆட்கள், லாரி ஓட்டுநர்கள், வேலையை விட்டுப் போயும் குழுவை விட்டுப் போகாதவர்கள்.

"தப்பா பண்ணிட்டேனா சார்?" என்றார்.

இல்லை என்றேன். அது உண்மை.

அவர் கைபேசியில் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஒவ்வொரு எழுத்தும் தெளிவு. நானே தேர்ந்த எழுத்தளவு. கண் கெட்டவரும் படிக்க வேண்டும் என்று பெரிதாக வைத்திருந்தேன்.

இதற்கிடையில் தரப் பிரிவில் சத்தம். தொகுதி 217, 1,400 எண்ணிக்கை, 28 பெட்டிகள், அழுத்தச் சோதனையில் மாதிரிகள் சில கசிந்தன. சிவப்பு அட்டை கட்டித் தனி ரேக்கில் ஏற்றிவிட்டார்கள். செல்வராஜ் அங்கே நின்று வாதாடிக்கொண்டிருந்தார். அந்த மாதிரிகளே வேறு தொகுதியின் பெட்டியிலிருந்து எடுத்தவை, திங்கட்கிழமைக்குள் சரக்குப் போகவில்லையென்றால் வாடிக்கையாளரின் அசெம்ப்ளி நிற்கும், அதற்கு யார் பதில் சொல்வது என்று.

இரவு தட்டை அப்படியே மூடி வைத்தேன். சரஸ்வதி கேட்டதற்கு வயிறு சரியில்லை என்றேன்.

7-2-2025, வெள்ளி. தை 25.

வெயில். பனியே இல்லை. வடிகட்டியில் காபித்தூள் அடைத்துச் சிந்தியது.

கா. 9.30: கவிதாவிடம் தொலைபேசியில் பலகை, படம், குழு எல்லாம் சொன்னேன். கடிந்துகொள்ளவில்லை. "சரி சார், புதுசு பண்ணிடலாம்" என்றாள். அவள் சொல்லச் சொல்ல நான் தட்டினேன். சிறு கோட்டை இம்முறை விடவில்லை. புதிய சாவி பிறந்தது. திறக்கவில்லை, அச்சிடவில்லை.

ஆனால் புதிது வந்தால் பழையது தானாகச் சாகாது. வாடிக்கையாளர் தளத்தில் ஒரு படிவம். சாவி மாற்றத்துக்குக் காரணம், இரண்டில் ஒன்றைக் குறிக்க வேண்டும்:

வழக்கமான மாற்றம்: பழைய சாவியும் முப்பது நாள் செல்லும்.
வெளிப்பட்டது: பழைய சாவி அந்நொடியே செத்துவிடும். அதற்குக் கீழே இரண்டு கட்டங்கள். எவ்வாறு, யாரால்.

வெளிப்பட்டது என்றே குறிக்கச் சொன்னாள் கவிதா. குறிப்பதாகச் சொன்னேன்.

குறிக்கும் முன் ஆ.மே.யிடம் அனுமதி பெறுவது முறை. அறைக்குச் சென்றேன். கேட்டுவிட்டுக் கதவைச் சாத்தச் சொன்னார். அந்தப் பலகையை யார் படிக்கப் போகிறார்கள், லாரிக்காரருக்கு அது என்னவென்று தெரியுமா என்றார். வெளிப்பட்டது என்று போட்டால் நாளையே வாடிக்கையாளரின் ஆட்கள் வந்து உட்கார்ந்துவிடுவார்கள், விசாரணை முடியும்வரை ஒரு பெட்டியும் வெளியே போகாது என்றார். அதுவரை நிதானமாகவே பேசினார். பிறகு,

"யாரால்னு கேட்டிருக்கான் பாருங்க. உங்க பேரை எழுதினா, எழுபது வயசுக்காரரை ஏன் வச்சிருக்கீங்கன்னு கேப்பான். சாவி அந்தப் பொண்ணு பேருல இருக்கு. ஒழுங்கா ஒப்படைக்காம லீவுல போயிட்டான்னு எழுதறேன். எழுதவா சார்?"

வேண்டாம் என்றேன்.

"அப்ப வழக்கமான மாற்றம். முப்பது நாளு கண்ணை மூடிக்கிட்டா முடிஞ்சுது."

கவிதாவின் தகப்பன் போச்சம்பள்ளியில் அடுத்தவர் நிலத்தில் கூலி வேலை செய்தவர், இப்போது அங்கே ஒரு தொழிற்சாலையில் தோட்டப் பராமரிப்பு. அந்த வீட்டில் மாதச் சம்பளத்துக்கு மேசையில் அமர்ந்த முதல் ஆள் அவள். அவளுக்காகவே செய்தேன் என்று இங்கே எழுதலாம். எழுதினால் பொய். விசாரணை என்ற சொல் கேட்டதும் பயந்துவிட்டேன். அதுதான் நடந்தது.

4.15க்குக் குறித்தேன். வழக்கமான மாற்றம்.

கவிதாவுக்கு ஒரு சொல் அனுப்பினேன்: முடிந்தது. கும்பிடும் கை ஒன்று பதிலாக வந்தது.

8-2-2025, சனி. தை 26.

மேகமூட்டம். அரை நாள் பணி.

காலை முழுவதும் யார் கைபேசியை எடுத்தாலும் என் பார்வை அங்கே போயிற்று. தேநீர் இடைவேளையில் இரண்டு ஓட்டுநர்கள் ஒரு திரையைப் பார்த்துச் சிரித்தார்கள். அருகே போய் நின்றேன். கிரிக்கெட். "வாங்க பெரியவரே, ஸ்கோர் பாக்கறீங்களா" என்று இடம் விட்டார்கள்.

1.10க்குக் கிளம்பும் முன் தனி ரேக்கைப் பார்க்கப் போனேன். காரணம் ஒன்றும் இல்லை. தொகுதி 217 அங்கே இல்லை. சிவப்பு அட்டை மட்டும் தரையில்.

தரப் பிரிவு பூட்டியாயிற்று. செல்வராஜ் 12.30க்கே போய்விட்டார். காவலாளிக்குத் தெரியவில்லை, பகலில் இரண்டு வண்டிகள் போயின, எதில் எது என்று அவர் பார்ப்பதில்லை. மறுசீரமைப்புக்காக உள்ளே நகர்த்தியிருப்பார்கள். சனிக்கிழமைகளில் அப்படி நகர்த்துவதுண்டு.

செல்வராஜுக்கு அழைத்தேன். இரு முறை. எடுக்கவில்லை. மூன்றாம் முறை அழைக்கவில்லை. எடுத்துவிட்டால் என்ன சொல்வார் என்ற பயம்.

பேருந்தில் சில்லறை கொடுக்காமல் இறங்கப் பார்த்தேன். கம்பெனிப் பேருந்து அல்ல, தனியார் பேருந்து என்பது மறந்துவிட்டது. நடத்துநர் கன்னடத்தில் ஏதோ சொல்லி என் சட்டையைப் பிடித்தார்.

9-2-2025, ஞாயிறு. தை 27.

காற்று. வெளியே செல்லவில்லை.

செய்தவை: தினசரிகள் கட்டு. கடிகாரத்துக்கு மின்கலம். முகச்சவரம், இரண்டு இடத்தில் வெட்டு.

முகம் மழிக்கும்போது சரஸ்வதி கதவருகே நின்றிருக்கிறாள். "என்னத்த முணுமுணுக்கீக? எம்மு சீயின்னு. எல்.கே.ஜி. பிள்ளையாட்டம்." விருதுநகரை விட்டு வந்து நாற்பத்து நான்கு ஆண்டு, அவள் பேச்சில் ஓசூர் ஒட்டவே இல்லை. கைபேசி ஒட்டுக் கேட்குமோ என்று அதை அணைத்துவிட்டு, நினைவிலிருந்து சொல்லிப் பார்த்தேன். முதல் இருபத்தொன்பது எழுத்துகள் தடையின்றி வந்தன. அதற்குமேல் போகாதபடி வாயைத் துண்டால் பொத்திக்கொண்டேன்.

அவளிடம் சொன்னேன். எல்லாவற்றையும் அல்ல. ஒரு தாளைத் தவறான இடத்தில் கொடுத்துவிட்டேன், ஒரு பெண்ணின் பெயர் அதில் இருக்கிறது என்று.

"அப்ப அந்தப் பிள்ளைகிட்ட சொல்லீட்டீகளா?"

சொல்லிவிட்டேன் என்றேன்.

"பெறகு எதுக்கு மூஞ்சி இப்படி இருக்கு?"

செவ்வாய் தைப்பூசம். அகரம் முருகனுக்குப் பால் வாங்கித் தரக் கேட்டாள். சரி என்றேன்.

10-2-2025, திங்கள். தை 28.

மூடுபனி. மப்ளர் உண்டு.

8.05. கவிதா எனக்கு முன்பே வந்திருந்தாள். கைகளில் மருதாணி, மேசையில் எனக்கு ஒரு பொட்டலம், வளைகாப்பின் புளிச்சோறு. அவள் தளத்தைத் திறந்தாள். நான் பின்னால் நின்றேன்.

தொகுதி 217. 1,400 எண்ணிக்கை. அழுத்தச் சோதனை: தேர்ச்சி. கையொப்பம்: செல்லும். பெயர்: கவிதா. நாள்: 8-2-2025, 11.48.

"நான் போடல" என்றாள். பிறகு கீழே பார்த்தாள். பழைய சாவி. பச்சை நிறத்தில், உயிருடன். திரும்பி என்னைப் பார்த்தாள். "முடிந்ததுன்னு அனுப்பினீங்களே சார்."

நேரே படியிறங்கினேன்.

8.20. டிஸ்பாட்ச். செல்வராஜ் மறைக்கவில்லை, கோபப்படவும் இல்லை, வியந்தார்.

"நீங்க குடுத்த பேப்பர்தானே சார். சிவப்பு சீலு போட்டு, எங்க டிபார்ட்மென்ட் பேரு போட்டு, ரெண்டாம் பக்கத்துல எப்படிப் போடணும்னும் குடுத்தீங்க. பலகையில இருந்த பேப்பரைத்தான் பிடுங்கிக்கினு போயிட்டீங்க, இணைப்பு என் மேசையில இருந்துச்சி, சாவி போட்டோல இருந்துச்சி. சாவியை அடிச்சேன், எடுத்துக்கிச்சி."

அவர் மேல் குற்றம் உண்டு. கசிந்த தொகுதியைத் தானே நாலு பெட்டி திறந்து பார்த்துத் திருப்தியடைந்திருக்கிறார். ஆனால் இந்த ஆலையில் சிவப்பு முத்திரையுடன் ஒரு தாள் ஒரு பிரிவுக்கு வந்தால், அதன்படி செய்யும் உரிமையும் கடமையும் அப்பிரிவுக்கு உண்டு. அந்த விதியை எழுதியவன் யார் என்று அவர் கேட்கவில்லை.

மேலே வந்தேன். ஆ.மே. இன்னும் வரவில்லை. காத்திருப்பது முறை. காத்திருக்கவில்லை.

8.41. படிவம். வெளிப்பட்டது.
எவ்வாறு: ஆவணக் கட்டுப்பாட்டாளரால் தனிச் சாவி, கையொப்பமிடும் முறையுடன், நான்கு நகல் அச்சிட்டு வழங்கப்பட்டு, ஒன்று பலகையில் காட்சிப்படுத்தப்பட்டது. 7-2-2025 அன்று இது தெரிந்தும் வழக்கமான மாற்றம் எனத் தவறாகக் குறிக்கப்பட்டது. தொகுதி 217இன் சான்றிதழ் பொய். பிரேக் கசியலாம். பொருத்த வேண்டாம்.
யாரால்: மு. சிதம்பரநாதன்.

பெயர் தட்டி முடிக்க அதிக நேரம் ஆயிற்று. விரல்கள் பக்கத்து எழுத்தில் விழுந்தன.

கவிதா குனிந்து படித்தாள். நன்றி சொல்வாள் என்று ஒரு நொடி எதிர்பார்த்தேன் என்பதையும் எழுதிவிடுகிறேன். அவள் விசைப்பலகையைத் தன் பக்கம் இழுத்து, என் பெயருக்குக் கீழே தட்டினாள்: குறிப்பில் அச்சிடக் கூடாது என்று எழுதாமல், கணினியைத் திறந்து வைத்துச் சென்றது, ரா. கவிதா.

வேண்டாம் அம்மா, அழித்துவிடு என்றேன்.

"பாதி உண்மையை அனுப்பினா அதுவும் இன்னொரு பொய் சர்ட்டிபிகேட் சார். வெள்ளிக்கிழமையும் எனக்காகத்தான்னு சொல்வீங்க. என்னைக் கேட்டீங்களா?"

அவளே அழுத்தினாள். 8.52. பச்சை சிவப்பானது. கருவியைப் போலவே தளமும் வேறொன்றும் சொல்லவில்லை.

9.10. அவர்கள் அழைப்பு. ஒரு பெண் குரல், ஆங்கிலம், அவசரமில்லாத குரல். 28 பெட்டிகளில் 27 கிடங்கிலேயே நிறுத்தப்பட்டன. ஒரு பெட்டி இன்று காலை 6 மணி ஷிப்டில் திறக்கப்பட்டுவிட்டது.

9.30. ஆ.மே. வந்தார். படித்தார். கவிதாவிடம், நாற்காலியை விட்டு எழுந்திரு, யாரும் எதையும் தொடாதீர்கள் என்றார். இருவரும் அவர் அறைக்கு வெளியே பெஞ்சில். விசாரணைக்கு நாளை ஆட்கள் வருகிறார்கள், தைப்பூசமானாலும்.

10.25. அந்தப் பெட்டி: 50. பொருத்தாதவை 19. பொருத்தி, வளாகத்தில் நிற்கும் வண்டிகளில் 27. மீதி நான்கு வண்டிகள் சாலைச் சோதனை ஓட்டத்துக்கு வெளியே போயிருக்கின்றன. அழைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

19, 27, 4. மூன்று முறை கூட்டினேன். ஒவ்வொரு முறையும் ஐம்பது.

சாலைச் சோதனை என்றால் என்ன வேகம் என்று கவிதாவிடம் கேட்டேன். தெரியாது சார் என்றாள். சற்றுப் பொறுத்து, வேகமாகத்தான் ஓட்டுவார்கள், அதற்குத்தானே சோதனை என்றாள்.

11.00. ஒன்று திரும்பியது. கசிவு இல்லை.
11.20. இன்னொன்று. கசிவு இல்லை.
11.35. மூன்றாவது. பிரேக் பிடி தளர்ந்திருந்தது, எண்ணெய் இறங்கியிருந்தது. மெதுவாக உருட்டிக்கொண்டு வந்தாராம்.
நான்காவது அத்திப்பள்ளிப் பக்கம் போயிருக்கிறது. அங்கிருந்து நம் பக்கமும் வரலாம், திரும்பியும் போகலாம். ஓட்டுபவர் கைபேசியை எடுக்கவில்லை.

12.10. தகவல் இல்லை. பேருந்து நிலையச் சாலையின் இரைச்சல் சன்னல் வழியே கேட்கிறது. லாரி பிரேக் போட்டாலும் கவிதா நிமிர்கிறாள்.

12.40. இல்லை. நாகரத்தினம்மா இரண்டு தேநீர் கொண்டுவந்து வைத்தார். யாரும் தொடவில்லை. அவர் மூன்று மொழியிலும் பேசாமல் எங்கள் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.

1.15. இல்லை. எங்கும் விபத்து என்று கேள்விப்பட்டால் சொல்லுமாறு செல்வராஜ் குழுவில் இருக்கும் ஓட்டுநர்கள் அனைவருக்கும் செய்தி போட்டிருக்கிறார். அதே குழு.

1.30. எனக்கு எழுபத்தொன்று. அந்த ஓட்டுநருக்கு என்ன வயது இருக்கும்.

1.52. கவிதாவின் கைபேசி மணி அடித்தது. கவிதா எடுக்கவில்லை, என் பக்கம் தள்ளினாள். அதே பெண் குரல். ஓட்டுநர் கடையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார், கைபேசி வண்டிப் பெட்டிக்குள் இருந்திருக்கிறது. வண்டியை அங்கேயே நிறுத்திவிட்டார்கள். இணைப்பில் கசிவு இருக்கிறது. ஆளுக்கு ஒன்றுமில்லை.

இரு முறை சொல்லச் சொல்லிக் கேட்டேன். சொன்னார். பிறகு அந்த ஓட்டுநரின் பெயர் என்ன என்று கேட்டேன்.

எதற்கு என்றார் அந்தப் பெண்.

எதற்கு என்று எனக்கும் தெரியவில்லை. வைத்துவிட்டேன்.